வீட்டில் தனியாகப் பாட்டுப் பதிவு: எதை முதலில் எடுப்பது?

பெட்டிக்காரர் மகன், கடலூர்

எல்லோருக்கும் வணக்கம். நான் கடலூர் புதுப்பாளையம். சிப்காட்டில் ஷிப்ட் வேலை. பாட்டு என் தொழில் இல்லை என்றாலும் பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்தது. அப்பா தெருக்கூத்து ஜமாவில் ஆர்மோனியம் வாசித்தவர். பண்ருட்டிப் பக்கத்து ஊர்களில் ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்தால் விடிந்துதான் மூடுவார். முந்தின வருஷம் தை மாதம் தவறிவிட்டார். பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது.

அவரைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, மெட்டும் போட்டிருக்கிறேன். பல்லவி, இரண்டு சரணம், நடுவில் பெட்டி மட்டும் பேசுகிற ஓர் இடையிசை. திஸ்ர நடை, அதாவது மூன்று மூன்றாக விழுகிற அடி. நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆர்மோனியம், கிட்டார், டோலக், கீபோர்டில் பேஸ் (அடியில் ஓடுகிற தாழ்ந்த சுரங்கள்), என் குரல், பல்லவிக்கு மட்டும் என் குரலிலேயே இன்னோர் அடுக்கு. எல்லாவற்றையும் நானே வாசித்து நானே பதிவு செய்ய வேண்டும். கையில் இருப்பவை: லேப்டாப், அதில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள், இரண்டு மைக் செருகுகிற ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஹெட்போன்.

இரண்டாவது ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரப் பதினொன்றாகும். சாப்பிட்டுப் பதினொன்றரைக்கு உட்காருவேன். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திக்கொண்டால் ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குமேல் வியர்வையில் கிட்டார் கழுத்து வழுக்குகிறது. ஆகவே ஒரு ராத்திரிக்கு ஒரு வேலைதான் செய்ய முடியும். வரிசையைத் தப்பாகப் போட்டால் ஒரு மாதம் போய்விடுகிறது.

இதற்கு முன் மூன்று பாட்டுகள் செய்தேன். யூடியூபில் சொல்லுகிற வரிசைதான்: முதலில் ரிதம் லூப் (திரும்பத் திரும்ப ஓடுகிற தாளத் துண்டு), மேலே பேஸ், கிட்டார், கடைசியில் குரல். மூன்றிலும் ஒரே குறை. குரல் பாட்டுக்குள் இல்லை, வெளியே நின்று எட்டிப் பார்க்கிறது. மூன்றாவது பாட்டில் சரணத்தின் கடைசி வரியில் ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்தி மெல்ல இறங்க வேண்டும். வீட்டில் சும்மா பாடினால் தானாக வரும். பதிவில் லூப் காத்திருக்கவில்லை. அதைத் துரத்திப் பிடிக்க அந்தச் சங்கதியையே, அந்த மெல்லிய இறக்கத்தையே, விட்டுவிட்டேன். அது தவிர, எல்லாம் முடித்துக் குரலுக்கு வரும்போது இரண்டு மாதம் ஆகியிருக்கும். பாட்டே சலித்துப் போயிருக்கும்.

இன்னொரு சிக்கல் பெட்டி. கிட்டாரைப் பதிந்துவிட்டு மேலே பெட்டியை வாசித்தால் இரண்டும் சேரவே மாட்டேன் என்கின்றன. கிட்டார் சரியாகத்தான் சுருதி சேர்த்திருந்தது, டியூனர் ஆப் வைத்துப் பார்த்தேன்.

இந்தப் பாட்டு கெட்டுப்போகக் கூடாது. தனியாகச் செய்கிறவர்கள் எந்த வரிசையில் போகிறீர்கள், ஏன் என்று சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை கிட்டார், புதுச்சேரி

அண்ணே, முதலில் பெட்டியைப் பார்த்துவிடுவோம். டியூனர் ஆப்பைத் திறந்து பெட்டியில் ஆறு கட்டையை, அதாவது ஏ சுரத்தை, அழுத்திப் பிடியுங்கள். 440 ஹெர்ட்ஸ் காட்டாது என்று நினைக்கிறேன். பழைய பெட்டிகள் நாலைந்து ஹெர்ட்ஸ் தள்ளியே இருக்கும். 445 என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 20 சென்ட் வித்தியாசம், அரைச் சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தனியாகக் கேட்டால் தெரியாது. 440-க்குச் சேர்த்த கிட்டாரோடு சேர்ந்தால் பல் கூசும். உங்கள் கிட்டாரும் சரி, பெட்டியும் சரி. இரண்டும் வேறு வேறு அளவுக்குச் சரியாக இருக்கின்றன.

இப்போது வரிசை. நான் பாட்டு தொடங்கும்போது முதலில் எடுப்பது யாருக்கும் கேட்காத ஒரு டிராக். கிளிக்கை, அதாவது ஹெட்போனில் தாளம் காட்டுகிற டிக் டிக் சத்தத்தை, போட்டுக்கொண்டு, கிட்டார் ஒன்றை வைத்து முழுப் பாட்டையும் சுமாராகப் பாடிவிடுவேன். சினிமாவில் டிராக் பாடுவது என்பார்களே, அதுதான். வரி தப்பினால் பரவாயில்லை, தொண்டை கட்டினாலும் பரவாயில்லை. பல்லவி எங்கே திரும்புகிறது, இடையிசை எத்தனை ஆவர்த்தனம் (தாளச் சுற்று) என்பது மட்டும் சரியாக இருக்க வேண்டும். பிறகு எதை வாசித்தாலும் அந்தக் குரலைக் காதில் கேட்டுக்கொண்டுதான் வாசிப்பேன். நீங்கள் மூன்று பாட்டிலும் குரலே இல்லாத ஒன்றுக்கு பேஸும் கிட்டாரும் வாசித்திருக்கிறீர்கள். பாடுகிறவர் எங்கே மூச்சு விடுவார் என்று அந்த பேஸுக்குத் தெரியாது, அதனால் மூச்சு விடும் இடத்திலும் நிரப்பிக்கொண்டே போயிருக்கும். குரல் வரும்போது இடம் இல்லை.

டிராக் குரலை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். உண்மையான குரல் வந்து உட்கார்ந்த பிறகு ஒலியை மட்டும் அணைத்து வையுங்கள். எனக்கு இரண்டு தடவை கடைசிக் குரலைவிட டிராக் குரலில் ஒரு வரி நன்றாக அமைந்திருக்கிறது. அதையே எடுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு என் வரிசை டிரம்ஸ், பேஸ், ரிதம் கிட்டார், குரல், கடைசியில் அலங்காரம். வாசிக்கும்போது பஃபரை, அதாவது லேப்டாப் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்புகிற அளவை, 128 சாம்பிளில் வையுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் அது 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. 1024-ல் வைத்தால் 23 மில்லிசெகண்ட் தாமதம் வரும், உங்கள் குரல் உங்களுக்கே பின்தங்கிக் கேட்கும். டோலக் அடிக்கும்போது அது இன்னும் மோசம். மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

லாஸ்பேட்டை மிருதங்கம்

தம்பி கிட்டார் சொன்ன டிராக் குரல் விஷயம் முழுக்கச் சரி. அதற்குப் பிறகு டிரம்ஸ் என்று சொன்னதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. தம்பி போன்றவர்கள் ஜூன் 21 இசை நாளுக்குப் புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் தெருப் பக்கம் நின்று வாசிக்கிற ராக் பாட்டுக்கு அது பொருந்தும். தெருக்கூத்துக்காரர் மகன் எழுதிய பாட்டுக்கு அப்படிச் செய்ய வேண்டாம்.

நான் மிருதங்கம் சொல்லித்தருகிறேன். கச்சேரியில் நான் பாடுகிறவரின் வாயைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். அவர் ஒரு சொல்லை இழுத்தால் நான் அங்கே கையைக் குறைப்பேன். கூத்திலும் அப்படித்தானே? அடவு முடிகிற இடத்தை ஆடுகிறவர் காலில் பார்த்துத்தான் முத்தாய்ப்பு வைப்பார்கள். முன்கூட்டியே ஒரு டோலக்கைப் பதிந்து, அதற்கு மேலே பாடினால், பின்னால் வர வேண்டியவர் முன்னால் நடக்கிறார். அந்தச் சரணத்தில் உங்கள் சங்கதி போனது அதனால்தான்.

உங்கள் பாட்டின் காலம் எவ்வளவு என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பெரும்பாலானவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு எண்ணைத் தட்டி, அதற்குப் பாடிப் பார்ப்பார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். கிளிக் வேண்டாம், ஹெட்போன் வேண்டாம். கைபேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெட்டியை வாசித்துக்கொண்டு உங்கள் போக்கில் பாடுங்கள். மூன்று நாள், நாளைக்கு ஒரு தடவை. பிறகு கேட்டுக்கொண்டே கையில் தாளம் போட்டு, 15 விநாடிக்கு எத்தனை அடி என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 21 அடி வந்தால் நிமிடத்துக்கு 84. பல்லவிக்குத் தனியாக, சரணத்துக்குத் தனியாக, கடைசிப் பல்லவிக்குத் தனியாக எண்ணுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது. ரீப்பரில் அந்தந்த இடத்தில் டெம்போவை மாற்றிக் குறித்துவிடலாம். கிளிக் அப்போது உங்கள் பாட்டின் பின்னால் வரும்.

ஒன்று கவனியுங்கள். திஸ்ரத்துக்குக் கிளிக் வைக்கும்போது ஆறு அடியும் ஒரே சத்தத்தில் கேட்டால் தலை சுற்றும். ஒன்றும் நாலும் மட்டும் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்காரர் மகன், கடலூர்

ரொம்ப நன்றி அக்கா. தம்பிக்கும் நன்றி. இப்போதுதான் பெட்டியை எடுத்து வைத்துப் பார்த்தேன். 444-க்கும் 445-க்கும் நடுவில் நிற்கிறது. துருத்தியை அழுத்திப் போட்டால் முள் கொஞ்சம் இறங்குகிறது, மெல்லப் போட்டால் ஏறுகிறது. இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன், இது தெரியவில்லை.

ஒரு சந்தேகம். சாப்ட்வேரிலேயே பெட்டியை 20 சென்ட் இறக்கிவிட்டால் வரிசை எப்படி இருந்தாலும் பரவாயில்லைதானே?

முதுநகர் கேசட்

தம்பி, இறக்கலாம். இறக்கினால் பெட்டியின் நாக்கு அதிர்கிற அந்த முரட்டுத்தனம் லேசாக மழுங்கும். வேறு பெட்டியாக இருந்தால் நானும் செய் என்பேன். அப்பா வாசித்த பெட்டி. அது எந்தச் சுருதியில் நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும், மற்றவை அதனிடம் வரட்டும்.

எனக்கு வயது 63. தொண்ணூறுகளில் முதுநகரில் நாலு டிராக் கேசட் இயந்திரம் ஒன்று வைத்திருந்தேன். டாஸ்காம் கம்பெனி 1979-ல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ வகைதான், நான் வாங்கியது பழையது. நாலு டிராக்கில் ஆறேழு வாத்தியம் வேண்டுமென்றால் என்ன செய்வோம்? மூன்றில் வாசித்து, அந்த மூன்றையும் கலந்து நாலாவதில் ஏற்றிவிட்டு, முதல் மூன்றையும் அழித்து, அங்கே புதிதாக வாசிப்போம். பீட்டில்ஸ்கூட 1967-ல் நாலு டிராக்கில்தான் பதிந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு கார்த்திகை மாதம் பக்திப் பாட்டு ஒன்று எடுத்தோம். டோலக், தாளம், ஆர்மோனியம் மூன்றையும் கலந்து ஏற்றினேன். ராத்திரி ஸ்பீக்கரில் கேட்டபோது நன்றாக இருந்தது. காலையில் கேட்டால் டோலக் மட்டும்தான் இருக்கிறது, ஆர்மோனியம் அடியில் முனகுகிறது. மூன்றும் அழிந்துவிட்டது. வாசித்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பாடியவர் அந்த டோலக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் கடைசிவரை பாடினார். இன்றைக்கும் அந்தக் கேசட்டைப் போட மனசு வரவில்லை.

அப்போது வரிசை என்பது எதை இனிமேல் திருத்த முடியாது என்ற கணக்கு. அமெரிக்காவில் லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் 1940களிலேயே வீட்டில் தனியாக இப்படி அடுக்கடுக்காகப் பதிந்தவர். ஒரு தட்டில் பதிந்ததை ஓடவிட்டு, அதோடு சேர்த்து வாசித்து, அடுத்த தட்டில் பதிவார். ஒவ்வொரு அடுக்குக்கும் பழையது கொஞ்சம் மங்கும். அதனால் முக்கியமில்லாததை முதலில் வாசித்து, முக்கியமானதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார். குரல் கடைசியில் வருவதற்கு அவரிடம் அப்படி ஒரு நியாயம் இருந்தது. உங்களிடம் லேப்டாப் இருக்கிறது, எதுவும் மங்காது. 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட்டில் நாலு நிமிட மோனோ டிராக் ஒன்று சுமார் 35 எம்.பி.தான். ஒரு வரியை முப்பது தடவை பாடி முப்பதையும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே குரலைக் கடைசிக்குத் தள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஆனால் அந்தப் பழைய கணக்கில் பாதி உங்களுக்கு இன்னும் பொருந்தும். உங்கள் வாத்தியங்களில் எது வளையும், எது வளையாது என்று பாருங்கள். கிட்டார் கம்பியை 445-க்கு ஏற்றிவிடலாம், இரண்டு நிமிட வேலை. கீபோர்டில் மாஸ்டர் டியூனிங் என்று இருக்கும், அதுவும் ஏறும். டோலக்கைக் கயிற்றில் முறுக்கிக்கொள்ளலாம். உங்கள் தொண்டை எங்கே கூப்பிட்டாலும் வரும். பெட்டி மட்டும் வராது. பெட்டியை முதலில் எடுங்கள். கூடவே பாடிவிடுங்கள், அதுதான் டிராக் குரல்.

டோலக் எடுக்கிற ராத்திரி கடல்காற்று அடித்தால் தோல் தொய்ந்துவிடும். அடுப்புப் பக்கத்தில் சற்று நேரம் வைத்துச் சூடேற்றிவிட்டு உட்காருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெட்டியின் சத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெட்டிக்காரர் மகன், கடலூர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பாட்டு முடிந்தது. என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், இதேபோல் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு உதவும்.

முதல் மூன்று ராத்திரி அக்கா சொன்னபடி கைபேசி மட்டும். எண்ணிப் பார்த்தேன். பல்லவி 84, சரணம் 80, கடைசிப் பல்லவி 88. மூன்று நாளும் ஏறக்குறைய இதே கணக்கு. முந்தின பாட்டுகளில் மொத்தத்துக்கும் ஒரே எண்ணை வைத்து என்னையே இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ரீப்பரில் மூன்றையும் குறித்தேன். சரணத்தின் கடைசி வரிக்கு மட்டும் கிளிக்கையே எடுத்துவிட்டேன். அங்கே நான் எவ்வளவு நிற்கிறேனோ அவ்வளவுதான். அடுத்த பல்லவிக்கு நாலு எண்ணிக்கை வைத்து மறுபடி சேர்த்துக்கொண்டேன்.

நாலாவது ராத்திரி பெட்டியும் டிராக் குரலும். ஐந்தாவது ராத்திரி பெட்டி மட்டும், இந்தத் தடவை ஒழுங்காக. மைக்கைக் கட்டைகளுக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில், துருத்திக் காற்று நேராக அடிக்காத பக்கம் வைத்தேன். துருத்தியில் ஒரு மடிப்பு கிழிந்து அப்பா துணி ஒட்டியிருக்கிறார், வேட்டிக் கரைத் துண்டு. துருத்தியைத் திறக்கும்போது அந்த இடத்தில் ஸ்ஸ் என்று ஒரு மூச்சு வரும். முதலில் அதை மறைக்கப் பார்த்தேன். நாலு தடவை வாசித்துக் கேட்ட பிறகு விட்டுவிட்டேன். இப்போது பாட்டு அந்த மூச்சில்தான் தொடங்குகிறது, பிறகுதான் முதல் சுரம்.

ஒரு தடவை இடையிசை பாதியில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் ஊதியது. அதை மட்டும் திரும்ப வாசித்தேன்.

அடுத்து நேராக உண்மையான குரலுக்குப் போனேன். ஷிப்ட் முடிந்து வந்த ராத்திரி பாடவில்லை. வார விடுமுறை நாளில், மதியம் தூங்கி எழுந்து, ராத்திரி பாடினேன். காதில் பெட்டி மட்டும். முழுப் பாட்டையும் மூன்று தடவை, நிறுத்தாமல். மறுநாள் ஒவ்வொரு வரியாகக் கேட்டு நல்லதைக் கோத்தேன். முதல் சரணம் முழுக்க முதல் தடவை பாடியதே. இரண்டாவது சரணத்தில் ஒரு வரி டிராக் குரலிலிருந்து வந்தது, தம்பி சொன்னது போலவே. அந்த வரியில் அப்பா பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவார் என்று வரும். ஒழுங்காகப் பாடினபோது அழுத்தம் கூடிப்போயிற்று. சுமாராகப் பாடினபோது சரியாக இருந்தது.

டோலக் அதற்குப் பிறகு. குரலைக் கேட்டுக்கொண்டு அடித்ததால் சரணத்தில் கை தானாகக் குறைந்தது. அந்த இழுக்கிற சொல்லில் டோலக் ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்து அடுத்த பல்லவியில் முதல் அடியைப் போட்டது. மூன்றாவது பாட்டில் தொலைத்தது இங்கே கிடைத்துவிட்டது. தோலை அடுப்பில் சூடேற்றத்தான் வேண்டியிருந்தது, ஐயா. ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை.

கிட்டாரை 444.5-க்குச் சேர்த்து வாசித்தேன். ஆப்பில் அந்த அளவை மாற்ற முடிந்தது. முதல் சரணத்தில் கிட்டார் தேவையே இல்லை என்று தெரிந்தது, எடுத்துவிட்டேன். முன்பெல்லாம் கிட்டார் முதலிலேயே இருந்ததால் அதை எடுக்கத் தோன்றியதே இல்லை. பேஸ் அரை மணி நேர வேலையாகிவிட்டது. டோலக்கின் இடப்பக்கத் தட்டு எங்கே விழுகிறதோ அங்கே கூடப் போனால் போதும். பல்லவியின் இரண்டாவது குரலைக் கடைசி ராத்திரி பாடினேன்.

ஒரு கேள்வி பாக்கி. அந்த இரண்டாவது குரலில் வரி முடிவில் வருகிற ச, த் போன்ற ஒலிகள் முதல் குரலோடு சரியாகச் சேராமல் இரண்டு தடவை கேட்கின்றன. திரும்பப் பாட வேண்டுமா?

முத்தியால்பேட்டை கிட்டார், புதுச்சேரி

வேண்டாம் அண்ணே. இரண்டாவது குரலில் வரி முடிகிற இடங்களில் மட்டும் அந்த ஒலியை வெட்டி மங்க விடுங்கள். சொல்லை முதல் குரல் முடித்துவிடும், காது அதையே இரண்டுக்கும் எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை இரண்டாவது குரல் பாடும்போது கடைசி எழுத்தை வாய்க்குள்ளேயே விழுங்கிப் பாடுங்கள்.

லாஸ்பேட்டை மிருதங்கம்

முடிந்ததும் அந்த மூன்று நாள் கைபேசிப் பதிவையும் ஒரு பென்டிரைவில் போட்டு அம்மாவிடம் கொடுங்கள் தம்பி. அதையும் அழித்துவிடாதீர்கள்.

பெட்டிக்காரர் மகன், கடலூர்

அம்மா ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள் அக்கா. பாட்டைவிட அதைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். இரண்டாவது நாள் பதிவில் அவர்கள் சமையலறையில் தண்ணீர் பிடிக்கிற சத்தம்கூட இருக்கிறது. நாளை ராத்திரி அந்த வரி முடிவுகளை வெட்டிவிட்டு இங்கே சொல்கிறேன்.